இனித்த மருந்து

7

நாகபூஷணத்தின் மருந்துக் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. முழுக்க இறக்கினால் ஆள் ஓடிவிட்டான் என்பார்கள். முழுக்கத் திறந்து வைத்தால் திமிரைப் பார் என்பார்கள். பயந்த மனிதர் நடுவில் நிறுத்தியிருந்தார். அகிலா குனிந்து உள்ளே போனாள். சந்துரு குனிய மறந்தான்.

டங் என்ற சத்தத்துக்கு சித்தூர் கடைத்தெருவே ஒரு முறை திரும்பிப் பார்த்தது.

"பலமா பட்டுதா?" என்றாள் அகிலா, திரும்பாமலே.

"இல்ல மேடம். உள்ள ஒண்ணும் இல்லாததால சத்தம்தான் ஜாஸ்தி."

அகிலா துப்பறியும் நிலையம் திருப்பதியில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூறு, கல்யாண விசாரணை. மாப்பிள்ளை நிஜமாகவே பெங்களூரில்தான் இருக்கிறானா, அவன் தலையில் இருப்பது நிஜமாகவே முடிதானா என்கிற அளவில் உள்ள மர்மங்கள். மிச்சம் பத்து, காணாமல் போன நாய்கள். சந்துரு இதுவரை ஏழு நாய்களைக் கண்டுபிடித்து அவற்றில் நான்கிடம் கடிபட்டிருக்கிறான். ஒரு மனிதனின் மூச்சு சம்பந்தப்பட்ட வழக்கு வருவது இதுவே முதல் தடவை.

கொண்டுவந்தவள் மோகனப்ரியா. வயது இருபத்தாறு. சித்தூரில் மாங்கூழ் ஃபேக்டரியில் தரம் பார்க்கிற வேலை. ஒரு துளி கூழைக் கண்ணாடியில் தடவி, கருவியின் வழியே வெளிச்சத்தில் பார்த்து, இனிப்பு எத்தனை என்று எண்ணில் சொல்வாள்; பிறகு நாக்கிலும் வைத்துச் சரிபார்ப்பாள். அவளுடைய அப்பா தணிகைவேல் நகரியில் பவர்லூம் ஓட்டுகிறவர். முப்பது வருஷம் பஞ்சுத் தூசியைத் தின்ற நெஞ்சு. போன தீபாவளிக்கு முன்னால் டாக்டர் அவருக்குத் தினம் இரண்டு வேளை உறிஞ்சுகிற கேப்சூல் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். பொங்கல் வரை ஆள் நன்றாக இருந்தார். அதன் பிறகு மாதத்துக்கு மாதம் இறங்கினார். மூன்று நாளைக்கு முன் தறிக்குப் பக்கத்திலேயே விழுந்தவர், இப்போது திருப்பதியில் தொண்டைக்குள் குழாயோடு கிடக்கிறார்.

"ஒரு வேளைகூட தப்ப வுடல மேடம்," என்று அவள் ஒரு ஊறுகாய் பாட்டிலை அகிலாவின் மேஜையில் வைத்திருந்தாள். பாட்டில் நிறையக் காலிக் கேப்சூல் கூடுகள். "போட்டு முடிச்ச கூடுங்கள நைனா இதுல சேத்து வெப்பாரு, நான் வந்தா காட்டறதுக்கு. எண்ணிப் பாத்துட்டேன். சரியா இருக்கு. அப்போ மருந்துதான போலி?"

அவளிடம் சாட்சியும் இருந்தது. பொங்கலுக்குப் பிறகு வாங்கிய டப்பா மருந்து இனிக்கிறது என்று தணிகைவேலே சொல்லியிருக்கிறார். அவர் விழுந்த அன்று அவள் ஒரு கேப்சூலைப் பிரித்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். சர்க்கரை. இனிப்பு விஷயத்தில் அந்த நாக்கு பொய் சொல்லாது. அதற்குத்தான் கம்பெனி சம்பளம் கொடுக்கிறது.

இன்றைக்கு மாலை ஐந்து மணிக்கு அவள் போலீஸில் புகார் எழுதிக் கொடுக்கப் போகிறாள். ஐந்து பத்துக்குள் அவளுடைய பெரியப்பா பிள்ளைகள் நாகபூஷணத்தின் போட்டோவைப் போட்டு, கொலைகாரன் என்று தலைப்பு வைத்து, ஜில்லா முழுவதும் வாட்ஸாப்பில் அனுப்பிவிடுவார்கள். அதுவரைதான் அகிலாவுக்கு நேரம்.

"நைனா கண்ண மூடறதுக்குள்ள யாருன்னு எனக்குத் தெரியணும் மேடம்," என்று கிளம்பும்போது சொன்னாள். "அவர் காதுல சொல்லணும்."

இப்போது மணி பத்தரை. அந்த 'யார்', கல்லாவுக்குப் பின்னால் வியர்த்துக்கொண்டு நின்றார்.

"நாப்பது வருஷம் மேடம்," என்றார் நாகபூஷணம். அறுபதைத் தாண்டிய ஒல்லி மனிதர். பேசும்போதே மெல்லிய விசில் ஒன்று நெஞ்சிலிருந்து எட்டிப் பார்த்தது. "ராங் மருந்து ஒண்ணு குடுத்ததில்ல. எக்ஸ்பைரி ஆனதக் குடுத்ததில்ல. இப்போ பாலு கொண்டாற பையன்கூட என்ன ஒரு மாதிரி பாக்கறான்."

அகிலா, மோகனப்ரியா கொடுத்த டப்பாவை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தாள். நாகபூஷணம் அதை ஒரு கணம் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து இன்னொரு டப்பாவை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். சந்துரு இரண்டின் அடியையும் திருப்பி, எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை மாதிரி எண்களை ஒப்பிட்டான்.

"ஒரே பேட்ச் மேடம். கடைசி நம்பர் வரைக்கும்."

"இது யாருது?"

"என்னுது. எட்டு வருஷமா எனக்கும் அதே கம்ப்ளெய்ண்ட். உங்க பயத்துல காலைல போட்டுக்கவே மறந்துட்டேன்."

அவர் போட்டுக்கொண்டார். கேப்சூலை இன்ஹேலரின் துளைக்குள் நிறுத்தினார். திருகினார். முகத்தைத் திருப்பி, உள்ளே இருந்த காற்றை வெளியே விட்டார். வாய்ப்பகுதியை உதடுகளால் ஒரு பொட்டு இடைவெளி இல்லாமல் கவ்வினார். தலை நேராக இருக்க, ஒரே இழுப்பில் இழுத்தார். கண்ணை மூடி, விரல்களால் பத்து வரை எண்ணினார். பிறகு பின்கட்டுக்குப் போய்த் தொண்டை அதிரக் கொப்புளித்துத் துப்பிவிட்டு வந்தார். போலிக்காரனைப் பிடிக்க வந்த சந்துருவுக்கு, டிரில் வாத்தியாரைப் பார்ப்பது போல் முதுகு தானாக நிமிர்ந்தது.

"இனிச்சுதா?" என்றாள் அகிலா.

நாகபூஷணம் சிரிக்கப் பார்த்து இருமினார். "நெஞ்சுக்கு ஏதுங்க நாக்கு?"

அகிலாவின் புருவம் ஒரு நூல் உயர்ந்தது. அவளிடம் அதற்கு மேல் எதுவும் உயராது.

"அதுல இருக்கற மருந்து கண்ணுக்கே தெரியாது மேடம்," என்று அவர் டப்பாவின் பக்கவாட்டில் இருந்த பொடி எழுத்தைக் காட்டினார். "ரெண்டு மருந்து. ஒண்ணு மூச்சுக் குழாயத் தொறந்து வெக்கும், இன்னொண்ணு உள்ள இருக்கற வீக்கத்த வடிய வெக்கும். அதுங்கள உள்ள கூட்டிக்கினு போறதுக்கு ஒரு வண்டி வேணும் இல்ல? பால் சக்கரை. அந்தப் பொண்ணு பொய் சொல்லல. சக்கரைதான். ஆனா இழுக்கற மாதிரி இழுத்தா அது ருசி காட்டாம எறங்கிடும். கொஞ்சம் நஞ்சம் நாக்குல பட்டாலும் கொப்புளிச்சா போயிடும்."

"சக்கரை மாதிரி இனிக்குதுன்னு ஒருத்தர் சொன்னா?"

"அவர் மருந்த இழுக்கல மேடம். துன்றாரு."



"ஆஸ்பத்திரி நர்ஸு, அவர் நாக்கெல்லாம் வெள்ளை வெள்ளையா படிஞ்சிருக்குன்னாங்க," என்றான் சந்துரு. மோகனப்ரியா இதையும் போலி மருந்தின் கணக்கில்தான் எழுதி வைத்திருந்தாள்.

"படியும். அந்த வீக்க மருந்து வாயிலயே தங்கிப்போனா படியும். அதுக்குத்தான் கொப்புளிக்கச் சொல்றது." நாகபூஷணத்தின் முகத்தில் நிம்மதி வரவில்லை. வேறு ஏதோ வந்தது. "ஆனா நான்தான மேடம் அவருக்குக் கத்துக்குடுத்தேன். இதே ஸ்டூல்ல உக்கார வெச்சி, மூணு தடவ. பக்கத்துல அந்தப் பொண்ணு நின்னுக்கினு இருந்துச்சி. அட்சர சுத்தமா போட்டாரு. மறு மாசம் வந்தவரு, மாடிப்படி நிக்காம ஏறறேன்னு சொல்லி எனக்குக் கடலை உருண்டை குடுத்துட்டுப் போனாரு. தெரிஞ்ச வேலைய மனுஷன் எப்படி மறப்பான்?"

அதுதான் கேள்வி. அகிலா கிளம்பினாள்.

"மேடம்," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "அஞ்சு மணிக்குள்ள சொல்லிடுவீங்களா? இல்லன்னா ஷட்டர இப்பவே முழுசா எறக்கிடறேன். எனக்கும் இந்தக் குனியற வேலை முடியல."

சந்துரு இந்தத் தடவை ஞாபகமாகக் குனிந்தான். ஷட்டருக்கு முன்னால் இருந்த படியை மறந்தான்.

---

கார் புத்தூர் சாலையில் ஏறியதும் ஜல்லி லாரி ஒன்று முன்னால் வந்து அமர்ந்துகொண்டது. தூசி உள்ளே வர, சந்துருவின் நெஞ்சு ஆர்மோனியம் வாசிக்க ஆரம்பித்தது. அவன் இயற்கைக் காட்சியை ரசிப்பவன் போல ஜன்னல் பக்கம் திரும்பி, கைக்குட்டைக்குள் மறைத்து, நீல நிற பம்பை இரண்டு முறை அடித்துக்கொண்டான். பெண் பார்க்கப் போன வீட்டில் இதை எடுத்து, அந்தப் பெண்ணின் பாட்டி 'பையனுக்கு ஆயுசு எவ்ளோ?' என்று கேட்டதிலிருந்து வந்த பழக்கம்.

"எத்தனாவது?" என்றாள் அகிலா.

"எது மேடம்? லாரியா?"

"காலையிலேர்ந்து நாலாவது. நான் துப்பறியறவங்கறத நீ அப்பப்போ மறந்துடற."

"இது இருக்கறதாலதான் மேடம் உங்ககிட்ட வேலை செய்யறேன்."

"அது பயர் சர்வீஸு. வீடு பத்திக்கினா கூப்பிட வேண்டியது. தெனம் நாலு தடவ பயர் சர்வீஸ் வந்து போற வீட்டுல சமையக்காரனத்தான் மாத்தணும். டாக்டர் குடுத்த இன்னொண்ணு என்ன ஆச்சி? தெனமும் ரெண்டு வேளை போட்டுக்கறது?"

"பத்திரமா டிராயர்ல இருக்கு மேடம். சீல்கூட ஒடைக்கல."

"ஏன்?"

"அதுல ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."

"சீல் ஒடைக்காமலே தெரியலையா?"

சந்துரு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பினான். அகிலா ஒரு கையால் டாஷ்போர்டைத் திறந்தாள். உள்ளே அவனுடைய கேப்சூல் டப்பாவும் இன்ஹேலரும் பிறந்த மேனி அழியாமல் உட்கார்ந்திருந்தன.

"உன் டிராயர்லேர்ந்து முந்தாநாள் எடுத்தேன். சாட்சிப் பொருள்." மூடினாள். "ஃபோன் போடு, மோகனப்ரியாவுக்கு."

ஸ்பீக்கரில் முதலில் வந்தது ஆஸ்பத்திரி வராந்தாவின் இரைச்சல். பிறகு அவள்.

"மருந்து இனிக்குதுன்னு அப்பா எப்போலேர்ந்து சொன்னாரும்மா?"

"பொங்கலுக்கு அப்புறம் மேடம். அந்தப் புது டப்பாலேர்ந்து. தை மாசம் ஃபோன்ல சொல்லிச் சிரிச்சாரு. 'பாப்பா, இப்பல்லாம் மருந்து மிட்டாய் மாதிரி கீது'ன்னாரு." பின்னால் ஒரு டிராலி உருண்டு போனது. "காலைல டாக்டர் கூப்ட்டாரு மேடம். இனிமே புதுசா செய்ய ஒண்ணும் இல்லன்னாரு. கடைக்காரன் ஒத்துக்கிட்டானா?"

"பேசிக்கினு இருக்கோம்மா," என்றாள் அகிலா. பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. இந்தத் தொழிலில் அதற்குத் தனி அனுபவம் வேண்டும்.

---

நகரியில் அந்தத் தறிக் கொட்டகைக்கு வழி கேட்கவே வேண்டாம். காது கொண்டுபோய்விடும். தகரக் கூரைக்குக் கீழே பன்னிரண்டு பவர்லூம்கள் ஒரே நேரத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. விளக்கின் மேல், ஒட்டடையின் மேல், மனிதர்களின் புருவத்தின் மேல், எங்கும் பஞ்சு. மூலையில் எவர்சில்வர் டிரம்மில் தண்ணீர். மேலே கவிழ்த்த ஒரு சொம்பு. பன்னிரண்டு பேருக்கும் அது ஒன்றுதான்.

தாகம் தாங்காமல் சந்துரு சொம்பை எடுத்தான். எல்லாக் கண்களும் அவன் உதட்டைப் பார்த்தன. அதன் அர்த்தம் அவனுக்கும் தெரியும். தலையை அண்ணாந்து, சொம்பை உயரத் தூக்கி, நம்பிக்கையோடு சாய்த்தான். ஒரு பங்கு வாய்க்கும் மூன்று பங்கு சட்டைக்கும் போயிற்று.

"இன்னா சார், சோப்பு வேணுமா?" என்று ஒரு தறியிலிருந்து குரல் வந்தது.

"துண்டு இருந்தா போதும்ணா. சோப்பு காலைலயே போட்டாச்சி."

சிரிப்புக்கு நடுவில் வேணு வந்தார். தணிகைவேலின் பக்கத்துத் தறிக்காரர், இருபது வருஷக் கூட்டாளி. ஐம்பது வயதிருக்கும். தறியிலிருந்து டிரம் வரை பத்தடி நடந்து வந்தவர், பேசுவதற்கு முன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணன் எப்படி கீறாரு மேடம்?"

"அப்படியேதான் இருக்காரு. வேணுண்ணே, அவர் மருந்து போட்டுக்கறத நீங்க பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கீங்களாவா? ரெண்டு பேரும் ஒண்ணாத்தான போட்டுக்குவோம். எனக்கும் அதே மருந்துதான் எழுதிக் குடுத்தாங்க." டிரம்முக்கு மேலே ஆணியில் தொங்கிய பிளாஸ்டிக் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்தார். "பீப்பின்னு சொல்லுவோம் இத. அண்ணனோடது."

"உங்களுது?"

"மார்கழில தறிக்கு அடில வுழுந்து நசுங்கிப்போச்சி. வேற வாங்கணும் வாங்கணும்னு நாளு போய்க்கினே கீது. கேப்சூல் அவங்கவங்களுது, பீப்பி மட்டும் ஒண்ணு."

"இப்போ ஒரு வேளை போட்டுக் காட்டுங்க."

வேணு தன் கேப்சூலை உள்ளே வைத்துத் திருகினார். பிறகு தலையை அண்ணாந்தார். வாயைத் திறந்தார். இன்ஹேலரை உதட்டுக்கு நான்கு விரற்கடை மேலே கவிழ்த்துப் பிடித்து, ஆள்காட்டி விரலால் நான்கு தட்டுத் தட்டினார். முப்பது வருஷம் நூல் பிடித்த கை. ஒரு துகள் வெளியே சிந்தவில்லை. வெள்ளைப் பொடி அவ்வளவும் நேராக நாக்கில் இறங்கியது. வாயை மூடிச் சப்புக்கொட்டினார்.

"சக்கரை மாதிரி இருக்கும் சார்," என்றார் சந்துருவிடம், தனக்குத் தெரிந்த ஒரு நல்ல விஷயத்தைப் பகிர்ந்துகொள்கிறவர் போல.

சந்துரு தன் ஈரச் சட்டையைப் பார்த்தான். கவிழ்த்து வைத்த சொம்பைப் பார்த்தான்.

"கடைக்காரர் வாய்ல வெச்சி இழுக்கத்தான சொல்லிக்குடுத்தாரு?" என்றாள் அகிலா.

"ஆமா. மொதல்ல அப்படித்தான் போட்டோம், ரெண்டு பேரும்."

"யார் மாத்தினது?"

வேணு இன்ஹேலரைத் துண்டால் துடைத்தார்.

"பொங்கலுக்கு பாப்பா வந்திருந்திச்சி. அண்ணனுக்கு சாப்பாடு எடுத்துக்கினு இங்க வந்துது. நான் போட்டுட்டு அண்ணன் கைல குடுக்கறத பாத்துட்டுது. நல்லா திட்டிச்சி. என்ன இல்ல, அவர. 'நைனா, ஒருத்தர் வாய் வெச்சத இன்னொருத்தர் வெக்கவே கூடாது, கிருமி தொத்திக்கும். இனிமே வாய் வெச்சத பாத்தேன், நான் ஊருக்கே வர மாட்டேன்'னுது."

அவள் சொன்னது சரி. சந்துருவின் டாக்டர் அவனிடம் சொன்னதும் அதேதான். இந்த வழக்கில் இதுவரை யாருமே தப்பாக எதுவும் சொல்லவில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"பாப்பா போனப்புறம் நான் சொன்னேன், இருண்ணே, நான் வேற வாங்கிக்கறேன், அதுவரைக்கும் எனக்கு வோணான்னு. அண்ணன் கேக்கல. மூச்சுத் திணறிக்கினு நீ நிக்கறத நான் பாக்கறதான்னாரு." வேணு டிரம்மைக் காட்டினார். "இந்த சொம்ப பன்னெண்டு பேரு எச்சில் பண்ணாமத்தானடா குடிக்கறோம், அதே மாதிரி வாய் படாம போட்டுக்கலாம், பாப்பா சொன்னதும் ஆச்சி, உனக்கும் ஆச்சின்னாரு. அன்னிலேர்ந்து ஒரு நாள் அவர் ஒதடு இதுல பட்டதில்ல மேடம். பாப்பா பேச்ச அப்படிக் காப்பாத்தினாரு."

ஊறுகாய் பாட்டிலில் இருந்த கூடுகள் சந்துருவின் கண் முன் வந்தன. மூன்று மாதம். தினம் இரண்டு வேளை. ஒன்றுகூடத் தப்பவில்லை. ஒன்றுகூட நெஞ்சுக்குப் போகவில்லை.

"நீங்க எப்படி இருக்கீங்க வேணுண்ணே?" என்றாள் அகிலா மெதுவாக.

"எனக்கென்னா. நடந்தா மேல்மூச்சு வாங்குது. வயசாவுது இல்ல?" அவர் இருவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அவர் மக்கு இல்லை. இன்ஹேலரைப் பிடித்திருந்த கை மெல்லத் தாழ்ந்தது. "தப்பாப் பண்ணிட்டோமா மேடம்?"

அகிலா அவரை வெளியே கூட்டிப்போய், ஏறிக்கொள்ளக் கார் கதவைத் திறந்துவிட்டாள்.

---

திருப்பதி சாலையில் பாதி தூரம் போயாயிற்று.

"சொல்ல வேணாம் மேடம்," என்றான் சந்துரு கடைசியில்.

"நாகபூஷணம்?"

"பொடி நாக்குல வுழுந்திச்சி, போட்ட விதம் தப்பு, கடைக்காரர் மேல தப்பில்லன்னு சொல்லிடலாம். அது வரைக்கும் உண்மைதான. பொங்கலப் பத்தி எதுக்கு?"

"அவ டெஸ்ட் பண்றவ. ஏன்னு கேப்பா."

"கேட்டா நான் ஏதாவது ஜோக்கடிக்கறேன்."

"உன் ஜோக்குக்கு அவ்ளோ சக்தி இல்ல," என்றாள் அகிலா. ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. பின் சீட்டில் வேணு, வெளியே ஓடும் மாந்தோப்பைப் பார்த்துக்கொண்டே வந்தார். தூங்கவில்லை.

ஐ.சி.யூ. வராந்தாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நான்கு இருபது. பாய்கள், தலையணைகள், டிபன் கேரியர்கள், யாருக்காகவோ காத்திருக்கும் முப்பது நாற்பது பேர். சுவரோரம் மோகனப்ரியா உட்கார்ந்திருந்தாள். மடியில் இரண்டு பொருள்கள். எழுதி மடித்த புகார் காகிதம். அட்டை பிரிக்காத புது இன்ஹேலர் ஒன்று.

"இது எதுக்கும்மா?" என்று கேட்டுவிட்டு சந்துரு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"நைனா வெளிய வந்தா புதுசுல போட்டுக்கட்டும்னு காலைல வாங்கினேன்," என்றாள். "டாக்டர் கூப்பிடறதுக்கு முன்னாடி."

அகிலா அவள் அருகில் தரையில் உட்கார்ந்து சொன்னாள். ஒரே பேட்ச். பால் சர்க்கரை. இழுக்க வேண்டியது நாக்கில் விழுந்தது. உதடு படாமல், தண்ணீர் குடிப்பது போல. மோகனப்ரியா குறுக்கே பேசவில்லை. கருவிக்குள் கண்ணை வைத்துப் பார்ப்பவள் போல ஒரு கண்ணைச் சுருக்கிக் கேட்டாள்.

"தீபாவளிக்கு அப்புறம் சரியாத்தான போட்டாரு. நானே பாத்தேன். அப்புறம் எதுக்கு மாத்தினாரு?"

சந்துரு வாயைத் திறந்தான். கைவசம் ஜோக் இல்லை.

"நான்தான் பாப்பா," என்றார் வேணு. நின்றுகொண்டே, துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. "நான்தான் அண்ணனுக்கு அப்படிக் கத்துக்குடுத்தேன். இப்படிப் போட்டா நல்லா எறங்கும்னு சொன்னேன். என் புத்தி. என்ன வேணாலும் சொல்லு."

மோகனப்ரியா அவரை நிமிர்ந்து பார்த்தாள். வராந்தாவில் எங்கோ ஒரு குழந்தை இட்லி வேண்டாம் என்று அழுதுகொண்டிருந்தது.

"பொங்கலுக்கு என்ன பண்ணேன் நான்," என்றாள் மெதுவாக, தனக்குத்தானே. பிறகு, "இல்ல சித்தப்பா. நைனா நீங்க சொன்னா கேக்க மாட்டாரு. டீல சக்கரை கம்மி பண்ணச் சொல்லி இருவது வருஷமா சொல்றீங்க, கேட்டாரா? நான் சொன்னாத்தான் கேப்பாரு. நான் என்ன சொன்னாலும் கேப்பாரு."

அதற்கு மேல் அவள் அழுவாள் என்று சந்துரு எதிர்பார்த்தான். அவள் அழவில்லை. புகார்க் காகிதத்தை நான்காகக் கிழித்து, குப்பை போட இடம் தேடி, கிடைக்காமல், அகிலாவின் கையில் வைத்தாள். அவள் அப்பாவின் காதில் சொல்வதற்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. அது வேறு யாருடைய பெயரும் இல்லை.

பிறகு வேணுவின் நெஞ்சிலிருந்து வந்த விசில் அவள் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"நீங்க இன்னும் அப்படித்தான் போடறீங்களா?"

வேணு தலையைக் குனிந்தார். அவள் புது இன்ஹேலரின் அட்டையைப் பல்லால் பிரித்து அவரிடம் நீட்டினாள்.

"இது உங்களுக்கு மட்டும். யாருக்கும் குடுக்கக் கூடாது. அதனால வாய் வெச்சே போடுங்க." திரும்பி சந்துருவைப் பார்த்தாள். "அண்ணா, எப்படின்னு யாராவது காட்டுங்களேன். நான் பத்து எண்ணறேன்."

அகிலா கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினாள். டாஷ்போர்டில் இருந்த அதே சீல் உடைக்காத டப்பாவும் இன்ஹேலரும். அவன் பெயர் எழுதிய சீட்டோடு.

நாற்பது பேர் முன்னால், கைக்குட்டை இல்லாமல், சந்துரு சீலை உடைத்தான். "மொதல்ல கேப்சூல உள்ள வெச்சித் திருகணும் வேணுண்ணே," என்றான். வேணுவும் தன் கேப்சூலை வைத்தார். "மூச்ச வெளிய வுடுங்க. இதுக்குள்ள இல்ல, அந்தப் பக்கம். தல நேரா இருக்கட்டும். அண்ணாக்க வேணாம். இப்போ ஒதட்டால நல்லா கவ்விக்குங்க." இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி, பீப்பி ஊதப்போகும் இரண்டு வளர்ந்த பிள்ளைகள் மாதிரி கவ்வினார்கள். வேணுவின் உதடு அதைத் தொட்டதும் ஒரு கணம் கூசி விலகியது. பிறகு பட்டது. இழுத்தார்கள். மோகனப்ரியா பத்து வரை எண்ணினாள். எட்டில் அவள் குரல் உடைந்து, பத்தில் திரும்ப வந்தது.

வேணு மூச்சை விட்டார். நாக்கை வாய்க்குள் சுழற்றினார். மறுபடி சுழற்றினார். முகம் குழம்பியது.

"பாப்பா," என்றார், தப்புச் செய்துவிட்ட குரலில். "இனிக்கல."

"இனிக்கக் கூடாது சித்தப்பா," என்றாள் மோகனப்ரியா. "கொப்புளிச்சிட்டு வாங்க."

அகிலா தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். வேணு வாய் நிறைய ஊற்றிக்கொண்டு வராந்தா கோடியில் இருந்த தொட்டியைப் பார்த்து நடந்தார். சந்துருவும் ஊற்றிக்கொண்டான். அப்போதுதான் ஐ.சி.யூ. கதவு திறந்து, நர்ஸ் ஒருத்தி கையிலிருந்த சீட்டைப் பார்த்து, தணிகைவேலின் ஆட்கள் யார் என்று தெலுங்கில் கூப்பிட்டாள்.

"தணிகைவேல் மனுஷுலு எவரு?"

கூப்பிட்ட குரல் மிகவும் மென்மையாக இருந்தது. வராந்தாவில் எல்லோருக்கும் அந்த மென்மையின் அர்த்தம் தெரியும். பாயில் இருந்தவர்கள் வழி விட்டுக் காலை மடக்கிக்கொண்டார்கள்.

மோகனப்ரியா எழுந்தாள். இரண்டடி போய்த் திரும்பி சந்துருவைப் பார்த்தாள். அவன் ஏதாவது சொல்வான் என்பது போல. வந்த நாளிலிருந்து எதற்கும் ஏதாவது சொல்லிக்கொண்டிருந்த ஆள் அவன்தான்.

துப்ப அருகில் இடம் இல்லை. விழுங்கவும் கூடாது. வாய் நிறையத் தண்ணீரோடு, கன்னம் இரண்டும் உப்ப, அவன் தலையை மட்டும் ஆட்டினான். கதவு அவளுக்குப் பின்னால் மூடும்வரை அப்படியே நின்றான்.